பட்டன் வைத்த புள்ளி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அடையாள அட்டையில் அது பத்திரமாக இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை. தெருவுக்கே அவள் பட்டன். பெரியவர்களுக்குப் பட்டன், சிறுசுகளுக்குப் பட்டன் அக்கா. சின்ன வயதில் அண்ணனுடைய சட்டையிலிருந்து ஒரு சிவப்புப் பட்டனைப் பிய்த்து மூக்குக்குள் போட்டுக்கொண்டு, டாக்டர் இடுக்கி வைத்து எடுக்கும்வரை ஊரைக் கூட்டிய புண்ணியவதி. "இனிமே இவ பேரு பட்டன்" என்று அண்ணன் அன்றைக்குச் சொன்னதுதான், ஒட்டிக்கொண்டது. பின்னால் அவள் தையல்காரியாகவும் ஆகிவிட, பெயருக்குப் பொருத்தம் இன்னும் கூடிப்போயிற்று. அவளும் சளைத்தவள் இல்லை. தன் கையால் தைத்துக் கொடுக்கும் எதுவானாலும், பின்பக்க மூலையில் ஒரு குட்டிச் சிவப்புப் பட்டனை வைத்துத் தைத்துவிடுவாள். அது எதையும் பூட்டாது, திறக்காது. இது என் வேலை என்று சொல்லும், அவ்வளவுதான்.

முன்னறைதான் அவள் கடை. ஜன்னலோரம் தையல் மெஷின், அதை ஒட்டி வெட்டும் மேசை, மூலையில் யாரோ போட்டுப் பார்த்துவிட்டு மறந்துபோன பாவாடைகளின் குவியல். நூல் துணுக்குகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தரையில், நாற்காலியில், அவள் கணவரின் சோற்றுத் தட்டில், எங்கேயும் இருக்கும். "நான் இதுவரைக்கும் ஒரு முழுச் சட்டை தின்னிருப்பேன்" என்பார் அவர். குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவர், சாது. ஆனால் வாயை மட்டும் வீட்டில் அவிழ்த்துவிடுவார்.

இப்படி ஒழுங்காகத் தைத்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் துணியில் படம் பதிக்கிற சப்ளிமேஷன் ஆசை வந்தது. ஒருத்தி குழந்தையின் படம் போட்ட குஷன் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுக்கு ஜிப் மாத்தித் தர்றீங்களா?" என்று கேட்டாள். பட்டன் அந்தக் குஷனைத் தடவித் தடவிப் பார்த்தாள். படம் துணிமேல் ஒட்டியிருக்கவில்லை. துணியாகவே ஆகியிருந்தது. நகத்தால் சுரண்டினாலும் ஒன்றும் வரவில்லை. ஜிப் மாற்றிக் கொடுத்தாளே தவிர, மனசு அந்தக் குஷனோடு போய்விட்டது. பட்டனின் மகள் வீடியோக்களைத் தேடிக் காட்டினாள். அதற்கென்று தனி மை, தனிக் காகிதம், ஒரு பிரிண்டர், மேலிருந்து மூடி அமுக்கும் ஹீட் பிரஸ். காகிதத்தில் அச்சடித்து, துணிமேல் கவிழ்த்து, சூட்டில் அமுக்கினால் மை ஆவியாகித் துணிக்குள் இறங்கிவிடும். அவ்வளவுதானே, இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தாள். நினைத்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

முதல் வேலை பருத்தித் தலையணை உறை. தன் மகளின் படத்தையே போட்டாள், அழகாக வந்தது, தெருவெல்லாம் காட்டினாள். ஒரு தடவை துவைத்ததும் மகளைக் காணவில்லை. புருவம் மட்டும் லேசாக மிச்சம். பருத்தியில் இந்த மை நிற்காது, பாலியெஸ்டராக இருக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இரண்டாவதாகப் பாலியெஸ்டர் துணியில் 'நல்வரவு' என்று போட்டாள். கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி அச்சடித்தால்தான் கவிழ்க்கும்போது நேராக வரும் என்பது அவள் காதில் விழவேயில்லை. எழுத்தெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கணவர் அதைக் கொண்டுபோய் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே மாட்டினார். "பாரு, இங்க நின்னு கண்ணாடில பாத்தா சரியாத்தான் இருக்கு. வர்றவங்களை இந்த வழியா வரச் சொல்லிட்டாப் போச்சு" என்றார். அன்றிலிருந்து அவர் வாயில் சப்ளிமேஷன் என்ற வார்த்தையே வரவில்லை. சமாளிமேஷன்தான்.

ஆனால் பட்டன் விடுகிற ஆளா? பல்லைக் கடித்துக்கொண்டு கற்றாள். காகிதத்தில் நிறம் சோகை பிடித்த மாதிரி மங்கலாகத்தான் இருக்கும், பயந்துபோய் மையைக் கூட்டக் கூடாது. சூடு பட்டால் தானாகப் பளிச்சென்று வரும் என்று கற்றாள். காகிதம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகம் பேய் மாதிரி வரும் என்று கற்றாள். எல்லாவற்றுக்கும் மேலே, தூசி. துணியில் ஒரே ஒரு நூல் துணுக்கு கிடந்தால் போதும், அமுக்கி எடுக்கும்போது அந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி விழும். அழிக்க முடியாது, துவைத்தாலும் போகாது. தையல்காரி வீட்டில் தூசியில்லாமல் ஒரு வேலையா! தூசி ஒட்டியெடுக்கும் உருளை ஒன்றை வாங்கி, துணியை உருட்டு உருட்டென்று உருட்டினாள். மெல்ல மெல்ல ஆர்டர்கள் வரத் தொடங்கின. ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகையும் மாட்டியாயிற்று.

இத்தனை சந்தோஷத்தையும் கொட்டுவதற்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அண்ணன். அந்த அண்ணன்தான் பேச்சுவார்த்தையில் இல்லை.

அண்ணன் பஸ் ஓட்டுநர். அவரும் தங்கையும் பிறந்ததிலிருந்து ஒருவரை ஒருவர் நலம் விசாரித்ததே கிடையாது. கிண்டல்தான். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன பட்டனு, இன்னும் யார் வீட்டுக் கால்சட்டையைக் குட்டையாக்கற?" என்பார். "உன் பஸ்ஸைக் காணோம்னு போலீஸ் தேடுதாம்ணா" என்பாள் இவள். அது அவர்களுக்குச் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கிற மாதிரி. போன வருஷம் அண்ணனுக்குப் பல்வலி பிராணனை வாங்கியபோது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனவளும் இவள்தான். மேல்பல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதுப் பல்செட் மாட்டினார்கள். புதுப் பல்லோடு அண்ணன் முதல்முதலாக விருந்துக்கு வந்ததும் தங்கை வீட்டுக்குத்தான். அன்றைக்கென்று பார்த்து அவள் கணவரின் சொந்தக்காரர்கள் ஒரு கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அவித்த சோளக்கதிரை எடுத்து அண்ணன் ஒரு கடி கடித்தார். கதிரை வெளியே எடுத்தார். பல்லும் கதிரோடு வந்துவிட்டது.

பட்டன் சிரித்தாள். சாதாரணச் சிரிப்பா அது? விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். "அண்ணா, சோளம் உன்னைக் கடிச்சிடுச்சுண்ணா!" என்று வேறு சொல்லிவிட்டாள். கூடமே சிரித்தது. அண்ணன் கதிரையும் பல்லையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எழுந்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் அவர் வரவில்லை. இவளுக்கும் கூப்பிட தைரியம் வரவில்லை. மாதங்கள் ஓடின. அண்ணிக்கு மட்டும் எப்போதாவது போன் செய்து, "அண்ணன் எப்படி இருக்காரு, அண்ணி?" என்பாள். "இருக்காரு" என்பாள் அண்ணி. அவ்வளவோடு சரி. ஊரார் முன்னால் அண்ணனை அவமானப்படுத்திவிட்டேனே, இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மெஷின் முன்னால் உட்கார்ந்து மருகுவாள். இருக்கிறது ஒரே அண்ணன். அந்த வாசலும் அடைபட்டுப்போய்விடுமோ என்ற பயம், தைக்கிற துணியோடு சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் பஸ் டெப்போவிலிருந்து டைம்கீப்பர் வந்து சேர்ந்தார். பலகையைப் பார்த்து வந்தவர். இவள் யாருடைய தங்கை என்று அவருக்குத் தெரியாது.

"எங்க டிரைவர் ஒருத்தர் ரிட்டையர் ஆகறாருங்க. அவர் படத்தைப் போட்டு ஒரு குஷன் வேணும். காலமெல்லாம் சீட்ல உக்காந்த மனுஷன், இனிமேலாவது முதுகைச் சாய்க்கட்டும்" என்று போனை நீட்டினார்.

திரையில் அண்ணன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நீல யூனிஃபார்மில், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு. பட்டன் போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"சிரிக்கற மாதிரி ஒரு படம் இல்லைங்களா?"

"எங்கங்க! முன்னெல்லாம் டெப்போவே அதிரும் அவர் சிரிச்சா. இப்ப கொஞ்ச நாளா வாயையே திறக்கறதில்ல. ஏன்னு தெரியல" என்றார் டைம்கீப்பர். "கீழ பெரிய எழுத்துல 'பல்லாண்டு வாழ்க'ன்னு போட்டுடுங்க."

பட்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல்லாண்டு! எடுத்த எடுப்பிலேயே பல்! அதுவும் என் வீட்டிலிருந்தா?

"அது வேணாங்க" என்றாள் அவசரமாக. "சேர்த்து எழுதினா எழுத்து நெருக்கமா விழும். 'பல ஆண்டு வாழ்க'ன்னு பிரிச்சுப் போட்டா தூரத்துல இருந்தும் படிக்கலாம்."

"அப்படியா? நீங்க சொன்னாச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். ஒரு பல்லைப் பிடுங்கி எறிந்த நிம்மதி பட்டனுக்கு.

அந்தக் குஷனை அவள் தைத்த மாதிரி எதையும் தைத்ததில்லை. நல்ல கெட்டியான வெள்ளைப் பாலியெஸ்டர் எடுத்தாள். அண்ணனுடைய யூனிஃபார்ம் நிறத்திலேயே எழுத்தையும் நீலமாக வைக்கச் சொல்லி, மகளைப் பாடாய்ப் படுத்தினாள். பின்பக்க மூலையில் சிவப்புப் பட்டன் வைப்பதா வேண்டாமா என்று ஒரு காலை முழுவதும் யோசித்தாள். வைத்தால் யார் செய்தது என்று அண்ணனுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டுமே! மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, பட்டனாவது போய்க் கேட்கட்டும். வைத்தாள்.

காகிதம் மங்கலாக வந்தது, சரி. இடவலம் மாறியிருந்தது, சரி. துணியை உருளையால் நன்றாகத் துடைத்தெடுத்தாள். காகிதத்தைக் கவிழ்த்து, நகராமல் நாடா ஒட்டி, பிரஸ்ஸை இழுத்து மூடப்போனவள் கையை நிறுத்தினாள். இன்னொரு தடவை அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. நாடாவைப் பிரித்துக் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தாள். "கோவமாண்ணா?" என்று காகிதத்திடம் கேட்டாள். அப்புறம் திரும்ப ஒட்டிவிட்டு அமுக்கினாள். திரும்ப ஒரு தடவை உருளையால் துடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. காலையிலிருந்து அவள் பள்ளிக்கூட யூனிஃபார்ம்களுக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தாள், எல்லாம் நீலம். ரவிக்கைக் கை முழுக்க நீல நூல் துணுக்கு.

பிரஸ்ஸைத் திறந்து காகிதத்தை உரித்தபோது அண்ணன் பளிச்சென்று இருந்தார். கண் சரியாக இருக்கிறதா, மீசை சரியாக இருக்கிறதா, நெற்றியில் அந்தத் தழும்பு வந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்தாள். எழுத்தை யார் பார்த்தார்கள்? பஞ்சை அடைத்து, வாயைத் தைத்து, பளபளக்கும் தாளில் சுற்றினாள். டைம்கீப்பர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம்தான் டெப்போவில் விழா.

சுற்றுவதற்கு முன்னால் மகள் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அதைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இதென்ன? பல் ஆண்டு வாழ்கன்னு இருக்கு?"

"பல ஆண்டுடி."

"இல்லம்மா. 'ல' மேல புள்ளி இருக்கு. பாரு."

பட்டன் பார்த்தாள். எழுத்தின் நீலத்திலேயே, உருட்டி வைத்தது மாதிரி, ல வுக்கு நேர் மேலே, இம்மி பிசகாமல் ஒரு புள்ளி உட்கார்ந்திருந்தது. இலக்கணம் படித்த தூசி! துணியில் அத்தனை இடம் கிடக்கிறது. அண்ணன் தோளில் விழக்கூடாதா, பஸ் கண்ணாடியில் விழக்கூடாதா?

"ஐயையோ!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நான் செத்தேன். வேணும்னே பண்ணேன்னு நெனைப்பாரே! பட்டனை வேற தைச்சு அனுப்பியிருக்கேனே! அத்தனை பேர் முன்னாடி!"

டைம்கீப்பருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. திரும்பவும் போட்டாள், அதே கதை. ஊசியில் வெள்ளை நூலைக் கோத்தாள். அந்தப் புள்ளிமேல் இரண்டு தையல் போட்டால் மறைந்துவிடும், அதற்கு ஒரு நிமிஷம் கையில் கிடைத்தால் போதும். ஊசியைக் கையில் பிடித்தபடியே கணவரின் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள்.

"முதுகுல குத்திடாதே" என்றார் அவர்.

"பேசாம ஓட்டுங்க!"

"எல்லாம் சமாளிமேஷன்தான், பயப்படாதே" என்று சொல்லிவிட்டு, இருந்தாலும் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினார்.

ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் நீளமான அறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். டீசல் வாடையும் புதுப் பெயின்ட் வாடையும் கலந்து அடித்தன. முன்னால் அண்ணன், பக்கத்தில் அண்ணி. மேசைமேல் பளபளக்கும் தாளோடு குஷன். பட்டன் சுவரோடு சுவராக நகர்ந்து டைம்கீப்பரின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஒரு தையல் விட்டுப்போச்சுங்க. ஒரே நிமிஷம் குடுங்க, போட்டுக் குடுத்துடறேன்."

"இப்பவாங்க? பேர் சொல்லியாச்சே!" என்று அவர் குஷனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். கை தட்டினார்கள். பட்டன் ஒரு ஆஜானுபாகுவான மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

அண்ணன் தாளைப் பிரித்தார். குஷன் பின்பக்கமாகத்தான் கைக்கு வந்தது. மூலையில் சிவப்புப் பட்டன். அவர் விரல் அதன்மேல் நின்றது. தலையைத் தூக்கி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார், யாரும் தென்படவில்லை. குஷனைத் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாய்விட்டுப் படித்தார்.

"பல் ஆண்டு வாழ்க."

"பல ஆண்டுங்க" என்று திருத்திக்கொண்டே எட்டிப் பார்த்த டைம்கீப்பரின் முகம் வெளிறிப்போனது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, இருமி மழுப்பினார்கள். அண்ணன் குனிந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் பட்டன் நினைத்தாள். அழவும் வைத்துவிட்டேனே, பாவி!

அண்ணன் தலையைத் தூக்கினார். வாய் முழுக்கத் திறந்து, மேல்வரிசை முழுசும் பளபளக்க, கண்ணில் தண்ணீர் தெறிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கடா அவ?" என்றார். "எங்க அந்தப் பட்டன்? இந்தத் திமிரு வேற எவளுக்கும் வராது. வந்திருக்காளா, இல்ல பல்லைத் தனியா அனுப்பிட்டாளா?"

மெக்கானிக் விலகிக்கொண்டார். ஊசியும் கையுமாக நின்றவளை மொத்த டெப்போவும் திரும்பிப் பார்த்தது.

"அண்ணா, சத்தியமா நான் பண்ணலண்ணா! அது நூல் தூசிண்ணா. யூனிஃபார்ம் தைச்சேன், நீல நூல். கவனிக்கல."

"தூசியாம்! தேடிப்போய் ல மேல உக்காருற தூசி! கதை விடாதே."

"நெஜமாண்ணா. பல்லாண்டுன்னு போடச் சொன்னாரு, அதுல பல் வருதேன்னு நான்தான் மாத்தினேன். இவரையே கேளு."

டைம்கீப்பர் தலையாட்டினார். அண்ணன் அவரைச் சட்டையே செய்யவில்லை.

"அடி போடி! இத்தனை மாசமா ஒரு கிண்டல் உண்டா, கேலி உண்டா? அண்ணிக்குப் போன் பண்ணி, ஆஸ்பத்திரில படுத்திருக்கறவனைக் கேக்கற மாதிரி 'எப்படி இருக்காரு'ன்னு கேக்கற. அன்னிக்கு அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி மானம் போச்சேன்னு எழுந்து வந்தேன், வாஸ்தவம்தான். மறுநாளே நீ கூப்பிட்டு இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சிரிப்பே, நானும் சிரிச்சுடலாம்னு இருந்தேன். நீ கூப்பிடல. விருந்துல பாதியில எழுந்து வந்துட்டோமே, அவ வீட்டுக்காரர் சனத்துக்கு முன்னாடி அவளுக்குத் தலைகுனிவாயிடுச்சு போல, நம்மளையே வெறுத்துட்டா போலன்னு நெனச்சுட்டேன். சிரிக்கவே பிடிக்கல போ."

"நான் உன்னை வெறுக்கறதா!" என்றாள் பட்டன். ஒரு கையில் ஊசி இருந்ததால் மற்றக் கையால் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். இத்தனை மாதமும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அப்படியே இறங்கிப்போனது. அண்ணி அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, "ரெண்டும் ஒரே அச்சு. இதுங்க நடுவுல நான் 'இருக்காரு, இருக்காரு'ன்னு சொல்லிச் சொல்லியே வாய் வலிச்சுப்போச்சு" என்றாள். டைம்கீப்பருக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. "அட, தங்கச்சியா!" என்று நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

பட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குஷனைப் பிடித்தாள்.

"குடுண்ணா. இதுக்குத்தான் ஊசியோட ஓடி வந்தேன். ரெண்டே தையல், புள்ளி தெரியாது. பாக்கறவங்க சிரிப்பாங்க."

அண்ணன் குஷனை மார்போடு இழுத்துக்கொண்டார்.

"அந்தப் புள்ளி மேல கையை வெச்சே, பல்லை உடைச்சுடுவேன்!"

பட்டன் அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள். ஊசியை ரவிக்கையில் நிதானமாகக் குத்தி வைத்தாள்.

"யார் பல்லைண்ணா?" என்றாள்.